முயல் கடித்த வயர்

இந்த ஊரில் பெற்றோல் காருக்கும் வயர் உண்டு.
முன்பக்கக் கம்பிகளுக்கு நடுவே
நாக்கைத் தள்ளியபடி தொங்கும்.
இரவில் சுவரில் செருகாவிட்டால்
என்ஜினுக்குள் எண்ணெய் மெழுகாகிவிடும்,
விடியக் கூப்பிட்டால் எழும்பாது.

வந்த புதிதில் எனக்கு இது தெரியாது.
வினிபெக்கில் எல்லாரும்
கறண்ட் காரில்தான் திரிகிறார்கள் என்று
அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.
அவள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

பதினொரு வருடம்.
ஒரு நாளைக்கு ஏழு வீடு.
ஊசி, புண்ணுக்குக் கட்டு, மாத்திரைப் பெட்டி, கையெழுத்து.
எண்பத்திரண்டு கிலோமீற்றர்.
ட்ரான்ஸ்கோனாவில் ஒருவர் விழுந்துவிட்டால் தொண்ணூற்றாறு.

வாகீசன் கணக்குப் போடுகிறான்,
மீன்குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் மடிக்கணினியை விரித்து.
லீற்றருக்கு இவ்வளவு, யூனிற்றுக்கு இவ்வளவு,
எண்ணெய் மாற்றத் தேவையில்லை,
பிரேக் தேய்வதும் குறைவு,
ஆறாம் வருடம் போட்ட காசு திரும்பும்.
ஆறாம் வருடம்
இந்த முழங்காலோடு
நான் படி ஏறுவேனா என்பதற்கு
அவனுடைய அட்டவணையில் கட்டம் இல்லை.

ரோவெனா போன கோடையில் வாங்கினாள்.
வெள்ளைக் கார். சத்தமே இல்லை.
வீதியில் நின்ற பூனைகூட ஏமாந்தது.
ஆனால் அவள் இருப்பது நான்காம் மாடியில்.
கீழே தரிப்பிடத்தில் இருப்பதோ
என்ஜின் சூடாக்கவென்று வைத்த பழைய பிளக்.
அதுவும் இருபது நிமிடம் வரும், இருபது நிமிடம் போகும்.
சேலைன் ஏறுவதுபோல் ஏறுகிறது என்பாள்,
சொட்டுச் சொட்டாய்,
விடிய விடிய,
நரம்பு கிடைக்காத கையில்.

என்னுடைய காரிலும் குறை இல்லாமல் இல்லை.
பெற்றோல் அடித்த கையை மூன்று தரம் கழுவினாலும்
விரலிடுக்கில் மிச்சம் இருக்கும்.
மற்ற வீடுகளில் மூக்கைச் சுளிப்பார்கள்.
கோஸ்டியுக் மட்டும்
ஒட்சிசன் குழாயை ஒரு விரலால் விலக்கி
இழுத்து முகர்வார்.
முப்பது வருடம் பெற்றோல் நிலையம் வைத்திருந்தவர்.
இப்போது கண் தெரியாது.
'லீற்றர் இன்றைக்கு எவ்வளவு?' என்பார்.
நான் சொல்லும் விலைக்கு
தன் கடையே இன்னும் திறந்திருப்பதுபோல் கோபப்படுவார்.

தை மாதம். மைனஸ் முப்பத்தேழு.
ராத்திரி வயரை முயல் கடித்துவிட்டது.
திறப்பைத் திருப்பினேன்.
ஒருமுறை இருமியது.
இன்னொருமுறை இரும யோசித்தது.
பிறகு ஒன்றுமில்லை.

ரோவெனா வந்து ஏற்றினாள்.
அவளுக்கு ஆறு வீடு, எனக்கு ஏழு.
திரையில் ஐம்பத்தெட்டு.
பாலம் தாண்ட ஐம்பத்தொன்று.
குளிரும் தின்கிறது, ஹீற்றரும் தின்கிறது.
நோயாளியின் பிரஷர் இறங்குவதைப் பார்ப்பதுபோல்
இருவரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
முப்பத்தாறில் ஹீற்றரை நிறுத்தினாள்.
எங்கள் மூச்சு கண்ணாடியின் உள்பக்கம் உறைந்தது.
அவள் சாரதி அட்டையாலும்
நான் மருந்துக்கடைப் புள்ளி அட்டையாலும்
சுரண்டிச் சுரண்டி
பார்க்கப் போதுமான அளவு வீதியைத் திறந்தோம்.
சிரிப்பும் வந்தது,
பல்லு அடித்ததில் அது வார்த்தையாகவில்லை.

கடைசி வீடு கோஸ்டியுக்.
கதவைத் திறந்து உள்ளே போய்
பூட்ஸைக் கழற்றினேன்.
அவர் முகத்தைத் தூக்கினார்.
மூக்கு தேடியது.
'யார் அது?' என்றார்.

நான்தான் என்றேன்.
பெயரையும் சொன்னேன்.
கையைப் பிடித்துப் பார்த்தும் நம்பாமல்
ஊசிக்குக் கையை நீட்ட
நேரம் எடுத்தார்.

பதினொரு சதவீதத்தோடு வீடு வந்தோம்.
வாகீசன் மடிக்கணினியைத் திறந்தபடி
'இப்ப சொல்லு, எது?' என்றான்.
சோற்றைச் சூடாக்கினேன்.
வயர் வாங்க வேண்டும்.
முயலுக்கு எட்டாத உயரத்தில்
அதைக் கட்ட ஓர் ஆணியும்.